எங்களை அனுப்பி வைத்த ஊழியக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்குத் தோத்திரம்.

பொறையாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் வீட்டுக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு 64, அவருக்கு 68 வயதாக இருந்தபோது நீங்கள்தான் எங்களைத் தான்சானியாவுக்கு அனுப்பினீர்கள். கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் ஒரு சபையோடு 2 வருடம் இருந்துவிட்டுத் திரும்பினோம். வருகிற ஜனவரியில் இன்னொரு தம்பதியை அனுப்பப்போவதாகப் போன ஞாயிறு ஆராதனையில் அறிவித்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேரில் பேசினால் பாதி விட்டுப்போகும். மற்ற சேகரத்துச் சபையாரும் படித்தால் நல்லது என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அனுப்புவதை நிறுத்திவிடாதீர்கள். நம் ஊரில் மிஷனரி என்றதும் சீகன்பால்கு நினைவுக்கு வருவார். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். 1719-ல் 36 வயதில் இறந்து, தாம் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார். அவரை நினைத்து வளர்ந்ததால் ஊழியம் என்பது வாலிபருக்கு உரியது என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். அந்த மலையில் எங்கள் நரைத்த தலைக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமோ" என்கிறார்கள். "உங்கள் காலைப் பிடிக்கிறேன்" என்பதிலிருந்து வந்த சொல்லாம். நாம் "மரஹபா" என்று பதில் சொல்ல வேண்டும். காலையில் வாசலில் நின்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் மரஹபா சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். நான் செய்த ஊழியத்தில் பாதி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீங்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை அனுப்பிய அறிக்கைத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. எத்தனை கூட்டம், எத்தனை வீடு சந்திப்பு, எத்தனை பேர் ஜெபத்துக்கு வந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் வீட்டுக்காரர் அந்தச் சபையின் பள்ளிக்கூடக் கணக்கை ஒரு வருடமாக உட்கார்ந்து சரிசெய்தார். நான் மாணவியர் விடுதியில் சாயங்காலம் உட்கார்ந்திருப்பேன். பாதி நாள் பேச்சே இருக்காது. தையல் பிரித்துத் தைப்போம். ஒரு பெண் அம்மாவை இழந்து வந்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் உரிப்பாள், அவ்வளவுதான். எட்டு மாதம் கழித்து ஒருநாள் அழுதாள். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் "வீடு சந்திப்பு: 0" என்று எழுதி அனுப்பினேன். ஊழியம் மந்தமாக இருக்கிறதா என்று கேட்டு உங்களிடமிருந்து பதில் வந்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அப்புறம், எங்களை அனுப்பிய விதம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று சொன்னீர்கள். நாங்களும் நம்பிப் பருத்திப் புடவையும் வேட்டியும் கட்டிக்கொண்டு போனோம். மலைச்சரிவில் ஜூன், ஜூலை மாதங்கள் குளிர்காலம். அவருக்கு நெஞ்சுச் சளி பிடித்து மூன்று வாரம் படுத்துவிட்டார். "மிதும்பா" என்று பழைய துணி விற்கும் சந்தை அங்கே உண்டு. அங்கேதான் ஆளுக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கினோம்.

நேரத்தைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. அங்கே பேசும் சுவாகிலி மொழியில் நாள் சூரியன் உதிப்பதிலிருந்து தொடங்குகிறது. நம் காலை 7 மணி அவர்களுக்கு ஒரு மணி. முதல் சபைக் கூட்டத்துக்கு "சா ததூ", அதாவது மூன்று மணி என்றார்கள். அது நம் காலை 9 மணி. இவர் மதியம் 3 மணிக்குப் போய் நின்றார். பெரியவர்கள் காலையில் ரொம்ப நேரம் காத்திருந்துவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் கோபப்படவில்லை, ஆனால் இவர் அந்த வருத்தத்திலிருந்து மீள நாளானது. 3 மாதம் சுவாகிலி சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தால் இது நேர்ந்திருக்குமா? சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழ் படித்த கதையை ஒவ்வொரு வருடமும் நினைவுநாளில் பேசுகிறோமே.

உடம்பு விஷயத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஆப்பிரிக்கப் பயணத்தில் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவைப்படும். பயணத்துக்கு 10 நாளுக்கு முன்பாவது ஊசி போட்டிருக்க வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், டாக்டரிடம் கலந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். எங்களிடம் கடைசி வாரத்தில் சென்னைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னீர்கள். இவருக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தோம். பென்ஷனுக்கு வருடம் ஒரு முறை உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட வேண்டுமே, அதற்கும் வழி சொல்லவில்லை. நம் தூதரகம் தார் எஸ் சலாமில் இருக்கிறது. நாங்கள் இருந்த இடத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல்.

அங்கே வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். இங்கே அவருக்கு டீக்கடை, வயல், கோயில் கமிட்டி. எனக்குப் பெண்கள் ஐக்கியம், தங்கச்சி, பேரப்பிள்ளைகள். 40 வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நாளெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்ததே இல்லை. முதல் ஆறு மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. மழைக்காலத்தில் கரண்ட் போய்விட்டால், விளக்கு ஏற்றி வைத்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம். பிறகு ஒருநாள் அவர் பாட்டுப்புத்தகத்தை எடுத்து ஒரு ஞானப்பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடினார். நான் ராகத்தைத் திருத்தினேன். அதிலிருந்து தினமும் ராத்திரி ஒரு பாட்டு. அவர் உகாலிக் களி கிண்டப் பழகினார், நான் சந்தையில் புளி பேரம் பேசப் பழகினேன். புளிக்கு அங்கே "உக்வாஜு" என்று பெயர். ஜூன் 12 வந்தால் மட்டும் ஊருக்குப் போன் போட்டுவிடுவார். மேட்டூர் திறந்தாச்சா, நம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததா என்று கேட்பார். அந்த மலையில் சாகா என்ற இனத்து மக்கள் ஓடையிலிருந்து வெட்டிய வாய்க்கால்கள் இருக்கின்றன, முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். ஓய்ந்த நேரத்தில் அவர் அந்தக் கரையில்தான் நிற்பார். அந்த மலைக்கும் நமக்கும் இன்னொரு உறவும் உண்டு. தரங்கம்பாடி ஊழியத்தைப் பிற்பாடு ஏற்று நடத்திய ஜெர்மனியின் லைப்சிக் மிஷன்தான் 1893-ல் கிளிமஞ்சாரோவிலும் ஊழியம் தொடங்கியது. அங்கே ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த வாழைத்தாரையும் முட்டையையும் ஏலம் விடுகிறார்கள். நம் அறுப்பின் பண்டிகை ஏலம் போலவே. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

என் அக்கா இறந்தது இரண்டாம் வருடத்தில். செய்தி வந்தபோது டிக்கெட் கேட்டு உங்களுக்குப் போன் செய்தோம். விதியில் இடமில்லை என்றீர்கள். இருக்கலாம். ஆனால் அக்கா வீட்டுக்கு உங்களில் ஒருவர்கூடப் போய் உட்காரவில்லை. அதை என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டுக் கூரை அந்த ஐப்பசி மழையில் ஒழுகியதும் நாங்கள் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. அனுப்பும் சேகரத்தில் ஒரு குடும்பத்தைப் பொறுப்பாக வையுங்கள். சாவி அவர்களிடம் இருக்கட்டும். நல்லது கெட்டதுக்கு அவர்கள் போய் நிற்கட்டும். மாதம் ஒரு முறை போனில் கூப்பிட்டு, அறிக்கை கேட்காமல், சாப்பாடு எப்படி, தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். இதற்குப் பெரிய பணம் ஆகாது.

ஜனவரியில் போகும் தம்பதியின் முகவரியை எனக்குக் கொடுங்கள். வழியனுப்புக் கூட்டத்துக்கு முன்பே அவர்கள் வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் போய் வருகிறோம். போகிற இடம் குளிரான இடமாக இருந்தால், எங்கள் இரண்டு ஸ்வெட்டரும் துவைத்து மடித்து வைத்தபடி இருக்கின்றன, கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் சேகரத்துச் சகோதரி