மின்கம்பி வழியே அயல்வீட்டுக்குப் போகும் கட்டளைகள்

ஆசிரியர் அவர்கட்கு,

விடுமுறைக்கு வரும் வெளிநாட்டு உறவினர்கள் வாங்கிவந்து பொருத்திவிட்டுப் போகும் சாதனங்களுள், வீட்டின் மின்கம்பியையே செய்திக் கம்பியாகக் கொண்டு விளக்கையும் நீர்ப்பம்பியையும் படலையையும் இயக்குபவை திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளிலும் இப்போது இடம்பிடித்து வருகின்றன. சுவரைக் கொத்தி வயர் இழுக்க வேண்டியதில்லை என்பதால் இவற்றை விரும்புவோரைக் குறைகூற முடியாது. ஆனால், இக்கட்டளைகள் நம் மதிலோடு நின்றுவிடுவதில்லை என்பதை விற்பவரும் சொல்வதில்லை, பொருத்துபவரும் சொல்வதில்லை.

வட அமெரிக்காவில் ஒரு சிறு மின்மாற்றி பெரும்பாலும் சில வீடுகளுக்கே மின் வழங்குகிறது. இங்கோ ஒரே மின்மாற்றியில் ஓர் ஒழுங்கை முழுவதும், சில இடங்களில் பல ஒழுங்கைகளும் தொங்குகின்றன. மின்மானி அலகைக் கணக்கிடுமே தவிர, கட்டளையைச் சுமந்து கம்பியில் ஏறிவரும் உயர் அதிர்வெண் சைகையை மறிப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. ஒரே பேஸில், அதாவது மின்மாற்றியிலிருந்து வரும் ஒரே மின்வழியில், உள்ள அடுத்தடுத்த வீடுகளுக்கிடையே அச்சைகை தேய்ந்துபோகலாம், அற்றுப்போகும் என்று நம்பியிருக்க முடியாது.

இவற்றுள் மூத்தது, 1975 இல் ஸ்கொட்லாந்தின் பைக்கோ எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எக்ஸ்10 முறையாகும். அதன் பழைய பெட்டிகளின் முகப்பில் திருப்புளியால் திருப்பக்கூடிய இரண்டு சிறு சக்கரங்கள் இருக்கும். ஒன்றில் பதினாறு ஆங்கில எழுத்துகள், மற்றதில் 1 முதல் 16 வரையான எண்கள், ஆக மொத்தம் 256 முகவரிகள். தொழிற்சாலையிலிருந்து முதல் எழுத்திலும் முதல் எண்ணிலும் வரும் அச்சக்கரங்களை ஒருவரும் தொடாமல் விட்டுவிட்டால், அயலவர் தமது விறாந்தை விளக்குக்கு அழுத்தும் பொத்தான், கிணறு வற்றிக் கிடக்கும் ஆவணி மாதத்தில் நமது பம்பியை ஓடவைத்து எரித்துவிடக்கூடும். சக்கரத்தைத் திருப்பிவைப்பது இத்தகைய தற்செயற் குழப்பத்தைத் தவிர்க்கும்; கெட்ட எண்ணத்தோடு வருபவரை அது தடுக்காது. கட்டளையை அனுப்பியவர் யார் என்று பெட்டி கேட்பதில்லை, கடவுச்சொல்லோ, செய்தியைப் பிறர் அறிய முடியாதபடி மாற்றும் மறைகுறியாக்கமோ அதில் இல்லை, ஒரு கட்டளை சென்றுசேர ஏறத்தாழ ஒரு வினாடியே ஆவதால் எல்லா முகவரிகளையும் சில நிமிடங்களில் தட்டிப் பார்த்துவிடலாம். படலைக்கும் கதவுக்கும் இம்முறையைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இணையத்தை மின்கம்பி வழியே அறைக்கு அறை கொண்டுசெல்லும் ஹோம்பிளக் ஏவி வகை அடப்டர்கள் 128 பிற் ஏஇஎஸ் மறைகுறியாக்கம் உடையவை. அது வலுவான பூட்டுத்தான். எனினும் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் அவற்றின் வலையமைப்புக் கடவுச்சொல் எல்லாவற்றுக்கும் பொதுவானதாக இருப்பது வழக்கம். ஊரிலுள்ள பூட்டுகளுக்கெல்லாம் ஒரே திறப்பைக் கொடுத்ததுபோல் அமைந்த ஏற்பாடு இது. இதில் மிகுந்த கவலைக்குரியவை விடுதிகளே. அறையில் தங்குபவர் தமது பயணப்பையிலிருந்து அதே வகை அடப்டர் ஒன்றை எடுத்துக் கட்டிலருகே உள்ள பிளக்கில் செருகினால், வைபை கடவுச்சொல்லை எவரிடமும் கேட்காமலேயே உரிமையாளரின் ரவுட்டரையும் கண்காணிப்புக் கமெராவையும் எட்டிவிட வாய்ப்புண்டு. வெளிச்சுவரில் தோட்ட விளக்குக்காக வைத்த பிளக்குக்கும் இதுவே பொருந்தும். பரிகாரமோ எளிது: ஒரு அடப்டரின் பாதுகாப்புப் பொத்தானை அழுத்தி, இரண்டு நிமிடங்களுக்குள் மற்றதன் பொத்தானையும் அழுத்தினால், அவை தமக்கெனத் தனியான திறப்பொன்றை அமைத்துக்கொள்ளும். தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தால் இதை மறுபடியும் செய்ய வேண்டும்.

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அனுமதியின்றி வேண்டுமென்றே உள்நுழைவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் தெரியாமல் கலந்துபோன இரு வீடுகளின் சாதனங்களுக்கு அச்சட்டம் மருந்தாகாது. ஆகவே இச்சாதனங்களை விற்கும் கடைகள், முகவரியையும் கடவுச்சொல்லையும் மாற்றும் முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுப் பெட்டியோடு கொடுக்குமாறு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை பணிக்க வேண்டும். பொருத்தும் மின்னியலாளர்களும் வேலையை முடித்துக் கூலி வாங்குமுன் அம்மாற்றத்தைத் தாமே செய்து காட்டுவதோடு, பிரதான ஆளிப் பலகையில், இச்சைகைகள் வீட்டைக் கடந்து போய்வராமல் மறிக்கும் சைகை வடிகட்டி பொருத்தும் வசதி உண்டு என்பதையும் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.