பார்மட் போடக் கொடுத்துவிடாதே

பாளையங்கோட்டை
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. உறையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் ஈமெயிலில் பேசியவன் திடீரென்று கையால் எழுதி ஸ்டாம்ப் ஒட்டுகிறான் என்றால் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்றுதானே அர்த்தம்? "போனில் சொல்லியிருக்கலாமே" என்றாள் வீட்டம்மா. அவனுக்குக் காது மந்தம், எனக்குப் பொறுமை மந்தம், கடிதம்தான் சரிப்படும் என்றேன்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து பார்மட் போட்டே ஆகவேண்டும் என்றதாக எழுதியிருக்கிறாய். இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு போய்த் திருப்பி வாங்கி வா. எதை கிளிக் செய்தாலும் நோட்பேட் திறந்து குப்பை எழுத்தாகக் கொட்டுகிறது என்கிறாய் பார், போன மாதம் என் வீட்டில் நடந்ததும் அச்சு அசல் அதே கூத்துதான்.

லீவுக்குப் பேரன் வந்திருந்தான். ஏதோ ஒரு பழைய விளையாட்டு திறக்கவில்லை என்று நோண்டியிருக்கிறான். இதை எதில் திறக்க என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. கண்ணில் பட்ட நோட்பேடைக் காட்டி, எப்போதும் இதிலேயே திற என்று டிக்கும் அடித்துவிட்டான். சாயங்காலம் நான் போய் உட்கார்ந்தால் டெஸ்க்டாப்பில் இருந்த ஐகான்கள் எல்லாம் ஒரே முகமாக இருக்கின்றன. வேர்ட், பிரவுசர், தமிழில் தட்டச்ச வைத்திருக்கும் என்எச்எம் ரைட்டர், எல்லாமே குட்டி நோட்பேட் படம். வேர்டை அழுத்தினேன். நோட்பேட் திறந்து, முதலில் 'எல்' என்ற இங்கிலீஷ் எழுத்து, கொஞ்சம் வெற்றிடம், தலையில் கோடு போட்ட ஒரு 'ஏ', மறுபடி வெற்றிடம், ஒரு 'எஃப்'. அதற்குக் கீழே ஏதேதோ கிறுக்கல். பிரவுசரை அழுத்தினாலும் அதே எல், ஏ, எஃப். வைரஸ்தான் என்று நினைத்து ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

நானும் கடைக்குத்தான் கேட்டேன். அதே பதில்: பார்மட். உள்ளே அப்பாவின் நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், நம் டைப் இன்ஸ்டிடியூட் குரூப் போட்டோ வேறு இருக்கிறது. காப்பி எடுத்து வைத்தோமா என்றால் அந்தப் புத்தி நமக்கு எங்கே.

மறுநாள்தான் மூன்று விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, ரீசைக்கிள் பின்னும் மை கம்ப்யூட்டரும் பழைய முகத்தோடு ஒழுங்காகத் திறந்தன. இரண்டு, போல்டருக்குள் போய் ஒரு போட்டோவை நேரே டபுள் கிளிக் செய்தால் அழகாகத் திறந்தது. அதாவது போட்டோ காட்டுகிற புரோகிராம் உயிரோடுதான் இருக்கிறது! மூன்றாவதுதான் தமாஷ். வீட்டம்மா சீட்டுக் கணக்கு எழுதத் தனி அக்கவுண்ட் வைத்திருக்கிறாள் அல்லவா, அவள் பெயரில் நுழைந்தால் எல்லாமே திறக்கிறது. "மனுஷனைப் பார்த்துத்தான் மக்கர் பண்ணுது" என்று அவளுக்கு ஒரே சிரிப்பு.

அவள் கிண்டலாகச் சொன்னதுதான் விடை. டெஸ்க்டாப்பில் நாம் அழுத்துவது பெரும்பாலும் புரோகிராம் இல்லை, அது இருக்கும் இடத்தைக் காட்டும் ஷார்ட்கட். அந்த ஷார்ட்கட்டும் ஒரு குட்டி பைல்தான். பெயருக்குப் பின்னால் புள்ளி போட்டு எல்-என்-கே என்று ஒரு வால் அதற்கு உண்டு, நம் கண்ணுக்குத்தான் காட்டாது. எந்த வாலை எதில் திறப்பது என்று விண்டோஸ் ஒரு பேரேடு வைத்திருக்கிறது, ரெஜிஸ்ட்ரி என்று. ஒவ்வொரு ஆளின் விருப்பத்துக்கும் அதில் தனிப் பக்கம். என் பக்கத்தில் பேரன் கை வைத்துவிட்டான், அவள் பக்கம் தப்பித்தது. ரீசைக்கிள் பின்னுக்கு வாலே கிடையாது, அதனால் அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

உன் வீட்டிலும் இந்த மூன்றையும் பார். ஒத்துப்போனால் மேலே படி. போட்டோவும் திறக்கவில்லை, மதினி பெயரில் நுழைந்தாலும் அதே கதி என்றால் சமாச்சாரம் வேறு, எதையும் தொடாமல் எனக்கு எழுது.

கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து. கீழே ஒரு சின்னப் பெட்டி வரும். ஷார்ட்கட் வழியாகப் போகாமல் புரோகிராமை நேரே பெயர் சொல்லிக் கூப்பிடும் வழி அது. அதில் ரெஜ்எடிட் என்று இங்கிலீஷில் சேர்த்து அடி, அந்தப் பேரேட்டைத் திறக்கும் புரோகிராம் அதுதான். அனுமதி கேட்டால் கொடு. இடது பக்கம் மரம் மாதிரி விரியும்: எச்-கீ கரண்ட் யூசர், அதற்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், ஃபைல் எக்ஸ்ட்ஸ். அதற்குள் எல்லா வாலும் அகர வரிசையில் நிற்கும். புள்ளி எல்-என்-கேயைத் தேடிப் பிடி. அதன் மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுத்துக்கொள், என்னை மாதிரி இருக்காதே. அப்புறம் அதற்குள் யூசர் சாய்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை மட்டும் டெலீட் செய். அக்கம்பக்கத்தில் ஒன்றையும் தொடாதே. லாக் ஆஃப் செய்துவிட்டுத் திரும்ப நுழைந்தால் ஐகான்களுக்குப் பழைய முகம் வந்துவிடும். எனக்கு இதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டுப் படுத்தது ஒரு ராத்திரி.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் உன் கம்ப்யூட்டரில் நிஜமாகவே வைரஸ் புகுந்தது ஞாபகம் இருக்கிறதா? அது புரோகிராம்களுக்கு இருக்கும் இ-எக்ஸ்-இ வாலையே பிடித்துக்கொண்டு ரெஜ்எடிட்டைக்கூடத் திறக்க விடவில்லை. ரெஜ்எடிட்டுக்கு ஒரு நகல் எடுத்து அதன் வாலை காம் என்று மாற்றி உள்ளே நுழைந்தோம். அந்த வாலுக்குப் பேரேட்டில் தனி வரி, வைரஸ் அதை மறந்துவிட்டிருந்தது. அன்றைக்கு நீ வாங்கிக் கொடுத்த அல்வாவின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

சும்மா இருக்கமாட்டாமல் ஒரு இ-எக்ஸ்-இ பைலை நோட்பேடில் இழுத்துப் போட்டும் பார்த்தேன். ஆரம்பத்திலேயே எம், இசட் என்று இரண்டு எழுத்து. மைக்ரோசாஃப்டில் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் எழுதியவர்களில் ஒருவரான மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியலாம் அது. மனுஷன் உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், பார்த்தாயா. நாம் டைப் பரீட்சையில் பேப்பர் ஓரத்தில் பேர் எழுதினதற்கே சார் திட்டினார்.

நீயும் என்னைப் போல விண்டோஸ் 7ஐக் கட்டிக்கொண்டு அழுகிறாய். 2020 ஜனவரி 14ஓடு அதற்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது. சரியானதும் அதில் பேங்க் வேலை எதுவும் பார்க்காதே. போட்டோவையெல்லாம் ஒரு பென் டிரைவில் ஏற்று. நான் இரண்டில் ஏற்றிவிட்டேன், ஒன்று பீரோவில், ஒன்று மகள் வீட்டில்.

இங்கே மூட்டு வலி அப்படியேதான். காலையில் ஆற்றங்கரை வரை நடக்கிறேன், திரும்பும்போது ஆட்டோ. நம் இன்ஸ்டிடியூட் மாடியில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். போன வாரம் ஒரு கவர் வாங்கும் சாக்கில் ஏறிப் பார்த்தேன். நாம் யளனகபக அடித்த ஜன்னலோரத்தில் ஒரு பையன் போன் ஸ்கிரீன் ஒட்டிக்கொண்டிருந்தான்.

மதினிக்கு என் வணக்கம். சரியானால் உடனே ஒரு ஈமெயில் போடு. ஆகாவிட்டால் இதே மாதிரி கையால் எழுது. உன் 'ழ' இன்னும் 'மு' மாதிரியேதான் இருக்கிறது, அதைப் படிக்க மட்டும் வீட்டம்மாவைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்