இடமாற்றம் பெற்று வரும் பராவுக்கு

திருகோணமலை
மார்கழி

அன்பின் பரா,

தை மாதம் இங்கே மாவட்டச் செயலகக் கச்சேரிக்கு மாறி வருகிறாய் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோசம். மழை இன்னும் விட்டபாடில்லை. டச்சு பே கரையில் வள்ளங்களை மேலே ஏற்றிப் போட்டிருக்கிறார்கள். அக்காவின் முழங்கால் வலி இப்போது எப்படி?

"ஊர் மாறும்போதாவது நாலு பேரோடு வாய்திறந்து பேசுகிற ஆளாக வேண்டும்" என்று எழுதியிருந்தாய். நடக்கக்கூடிய காரியம்தான் மச்சான். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தானாக நடந்துவிடாது. மனிதனின் நடத்தை அவனையும் அவன் நிற்கிற சூழலையும் சேர்த்தே அமைகிறது என்று உளவியலாளர் கேர்ட் லெவின் 1936இலேயே எழுதிவைத்தார். இத்தனை வருசமாக உன் அலுவலகம் உன்னிடம் கோப்பைத்தான் கேட்டது, குரலைக் கேட்கவில்லை. குரலைக் கேட்கிற இடமாகப் பார்த்து நீ போய் நிற்க வேண்டும்.

முதல் மூன்று மாதத்தை வீணாக்காதே. பிரித்தானியாவில் 800 பேரை வைத்து வெர்பிளாங்கனும் ரோயும் செய்த ஆய்வு 2016இல் வந்தது. சூழலைப் பேணும் பழக்கங்களைப் பற்றியது அது. வீடு மாறி மூன்று மாதத்துக்குள் இருந்தவர்களிடம்தான் புதுப் பழக்கம் நன்றாகப் பற்றியது. பழைய பழக்கத்தைத் தூண்டிவிடும் வழி, கடை, முகம் எல்லாம் அப்போதுதான் அறுந்து கிடக்கின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் உத்தியோகத்தர்கள் பலர் இந்தக் காலத்தைத்தான் தொலைக்கிறார்கள். ஊர்க்காரர் நாலுபேர் சேர்ந்து ஒரு வீடு எடுப்பது, வெள்ளி பின்னேரம் வவுனியா பஸ் பிடிப்பது, திங்கள் காலை நேரே கந்தோருக்கு வருவது. இப்படி இருந்தால் வருசக் கணக்காக இருந்தாலும் திருகோணமலை அவர்களுக்கு ஒரு மேசையும் கதிரையும்தான். அதோடு கூட இருக்கும் ஊர்க்காரர், "பரா அண்ணை சத்தமில்லாத மனுசன்" என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவைத்துவிடுவார்கள். பிறகு நீ வாய்திறந்தால் அதுவே செய்தியாகிவிடும். ஆகவே பங்குனி முடியும்வரை ஒன்றுவிட்ட ஒரு கிழமை மட்டும் ஊருக்குப் போ. வீட்டில் இப்போதே சொல்லிவை.

தொடக்கம் மீன் சந்தையாக இருக்கட்டும். "செவ்வாய் காலை மீன்காரர் விலை சொன்னதும் இன்னொரு கேள்வி கேட்பேன்" என்று கொப்பியில் எழுதிக்கொள். எப்போது, எங்கே, என்ன என்று மூன்றும் அந்த வசனத்தில் இருக்க வேண்டும். "இனி நன்றாகப் பேசுவேன்" என்று எழுதினால் அது ஆசையோடு நின்றுவிடும். கேள்வியையும் பார்த்துக் கேள். "நேற்றைய மீனா?" என்றால் மனுசனுக்குக் கோபம் வரும், கதை அத்தோடு முடிந்தது. "இந்தப் பாரை எந்தப் பக்கத்துக் கடலில் பட்டது?" என்று கேட்டுப் பார். வலை, காற்று, கொட்டியாரக்குடா, மூதூர் என்று அவரே கொண்டுபோவார். நீ கையில் இருப்பதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்கலாம், முகத்தை முகம் பார்க்கத் தேவையில்லை. கூச்சமுள்ளவனுக்கு அது பெரிய உதவி. ஒவ்வொரு முறையும் அதே ஆளிடம் போ. மரக்கறிக் கடையில் சிங்களத்தில் விலை கேள். பிழைபிழையாகப் பேசினாலும் அங்கே யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

அடுத்தது கோணேசர் கோயில். சம்பந்தரின் கோணமலைப் பதிகத்தைக் கூட்டத்தோடு சேர்ந்து பாடு, குரலுக்குப் பழக்கம் வரும். அது சரிவந்த பிறகு, விடுமுறை நாளில் ஏதாவது தொண்டு இருக்கிறதா என்று கேள். செருப்பு எங்கே விடுவது, பூசை எத்தனை மணிக்கு என்று முன்பின் தெரியாதவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் வந்து கேட்பார்கள். ஒரு பொறுப்பில் நிற்கும்போது என்ன பேசுவது என்று நீ தேட வேண்டியதில்லை.

ஒரே நேரத்தில் ஐந்தாறை இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. தங்கள் குணத்தை மாற்ற விரும்பியவர்களை வைத்து ஹட்சனும் கூட்டாளிகளும் 2019இல் வெளியிட்ட 15 வார ஆய்வில், ஏற்றுக்கொண்ட சவால்களைச் செய்து முடித்தவர்கள்தான் விரும்பிய பக்கம் மாறினார்கள். ஏற்றுவிட்டுச் செய்யாதவர்கள் எதிர்ப்பக்கம்கூடச் சாய்ந்தார்கள். கிழமைக்கு இரண்டு போதும், நிச்சயம் முடிக்கக்கூடியவையாக. அவசரமும் வேண்டாம். லலி என்ற ஆய்வாளரின் ஆய்வில் ஒரு பழக்கம் இயல்பாக வர நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்வரை கணக்கிட்டார்கள்.

பேசிவிட்டு வந்தால் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். பயந்துவிடாதே, கைவராத வேலையைச் செய்த களைப்பு அது. அன்றைக்கு ஒரு மணித்தியாலம் தனியாகக் கடற்கரையில் இரு. உன் அமைதியை விட்டுவிடச் சொல்லவில்லை பரா. நீ காதுகொடுத்துக் கேட்கிற மாதிரி கேட்க எங்கள் கூட்டத்தில் வேறு ஆளில்லை.

நீந்தப் பழகுவதைச் சித்திரைக்குப் பிறகு வைத்துக்கொள்வோம், இப்போது கடல் பொல்லாதது.

வீடு இரண்டு பார்த்திருக்கிறேன். ஒன்று கந்தோருக்குக் கிட்ட, உங்கள் ஊர்ப் பொடியன்கள் மூவர் இருக்கிறார்கள், வாடகை குறைவு. மற்றது உப்புவெளியில், இந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் மேல்மாடி. கீழே முற்றத்தைத் தாண்டித்தான் ஏற வேண்டும், ஒவ்வொரு பின்னேரமும் யாராவது மறித்துக் கதைப்பார்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அவர்கள் முற்பணம் கேட்கிறார்கள், இந்தக் கிழமைக்குள் பதில் எழுது.

அன்புடன்,
சிவம்