அரியலூர்ச் சிப்பிப் படுகைகளைக் காப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லை வெறும் சிமெண்ட் மூலப்பொருளாகவே பேசி வருவது வருத்தமளிக்கிறது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியக் காலத்தின் இறுதியில், இங்கே ஆழம் குறைந்த கடல் பரவியிருந்தது. சுரங்கச் சுவரை அருகில் நின்று பார்த்தால், கிரைஃபியா என்னும் தடித்த ஓட்டுச் சிப்பிகள் நெருக்கமாக அடுக்கிக் கிடப்பது தெரியும். இரு ஓடுகளும் பிரியாத சிப்பிகள் மிகுந்த அடுக்கு, அவை வாழ்ந்த இடத்திலேயே, அல்லது அதற்கு மிக அருகில், விரைவாகப் புதைந்ததையும், உடைந்து தேய்ந்த துண்டுகள் நிறைந்த அடுக்கு, அலையும் நீரோட்டமும் கடல்தரையைப் புரட்டியதையும் உணர்த்துகின்றன. ஒரு முழம் உயரத்துக்குள் கடலின் போக்கு மாறியதை இப்படிக் கண்ணாலேயே படிக்கக் கிடைப்பது அரிது. வெட்டி முடித்த குழிகளில் நீர் நிரம்புமுன், அடுக்குகள் தெளிவாகத் தெரியும் சுவர் ஒன்றையேனும் மாணவர்கள் பார்வையிட ஏற்றவாறு அரசு பாதுகாக்க வேண்டும்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர் ஒருவர்,
அரியலூர் மாவட்டம்