ஆயில் மாற்ற வந்த வண்டிக்கு ஹோஸ் பில் ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களை வைத்திருக்கும் உங்களில் பலர் கொஞ்ச நாளாகக் கேட்கும் கேள்வியைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறோம். சிலர் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள், சிலர் கொஞ்சம் சூடாகவே கேட்டீர்கள். ஆயிலும் ஃபில்டரும் மாற்றத்தானே வண்டியை விட்டோம், எஸ்டிமேட்டில் பெட்ரோல் ஹோஸ், வேக்யூம் ஹோஸ், கிளாம்ப் என்று பட்டியல் நீள்கிறதே என்று. நியாயமான கேள்விதான். ஒவ்வொருவருக்கும் கவுன்ட்டரில் நின்றபடி அரைகுறையாகச் சொல்வதைவிட, ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 20 வயது தாண்டிய பெட்ரோல் வண்டி எதுவானாலும், எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு முதல் முறை வரும்போது பெட்ரோல் லைனை டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றிய பிறகுதான் மற்ற வேலை. பூஸ்ட்டை (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றழுத்தத்தை) கூட்டுவது, இசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) டியூனிங், பெரிய டர்போ எல்லாம் அதற்கு அப்புறம். இதில் விருப்பமில்லாதவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். பார்த்ததற்குக் காசு வாங்க மாட்டோம், வருத்தமும் இல்லை.

காரணம், பங்க்கில் நீங்கள் போடுகிற பெட்ரோல்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் தொடங்கி வைத்தது 2023 பிப்ரவரியில், நம் பெங்களூரில்தான். 2003-ல் சில மாநிலங்களில் 5 சதவீதமாக ஆரம்பித்த கலப்பு, 2022-ல் 10 ஆனது. 20 என்பது 2030-க்கான இலக்காக இருந்தது. அதை 2025-க்கு முன்னுக்குக் கொண்டு வந்தார்கள். இன்றைக்கு இந்திராநகர் பங்க்கில் போட்டாலும் ஓசூர் தாண்டிப் போட்டாலும் சாதாரண பெட்ரோல் என்றால் அதுதான்.

இனி உங்கள் வண்டிகளின் ஜாதகத்தைப் பாருங்கள். நிசான் 300இசட்எக்ஸ், ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32, டொயோட்டாவின் இரண்டாம் தலைமுறை எம்ஆர்2, மஸ்டா எம்எக்ஸ்-5 நான்கும் வந்தது ஒரே வருடம், 1989. மஸ்டாவின் மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 1991 கடைசியில். நாம் எல்லோரும் உயிரை விடும் டொயோட்டாவின் நான்காம் தலைமுறை சுப்ரா 1993. கடைசி சுப்ராவும் கடைசி ஆர்எக்ஸ்-7-ம் தொழிற்சாலையை விட்டு இறங்கியது 2002-ல். பெட்ரோலில் 3 சதவீதம் வரை எத்தனால் இருக்கலாம் என்று ஜப்பான் விதி கொண்டு வந்தது அதற்கு அடுத்த வருடம், 2003-ல். ஜப்பான் சந்தைக்காகச் செய்து, வலது பக்க ஸ்டீயரிங்கோடு இங்கே வந்து சேர்ந்த வண்டிகளின் பெட்ரோல் லைனைத் தீர்மானித்தவர்கள் 20 சதவீதத்தைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எத்தனால் என்ன செய்யும்? அந்தக் காலத்து ஹோஸ்களில் உள்பக்கம் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். எத்தனால் அதற்குள் ஊறும், ரப்பர் உப்பும், மிருதுவாக்கச் சேர்த்திருந்த எண்ணெய்ப் பொருட்களைக் கரைத்து வெளியே கொண்டு வந்துவிடும். வண்டி நின்று உள்ளே காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும். மறுபடி ஊறும், மறுபடி காயும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதுதான் தொல்லை. போன மாதம் ஒரு சுப்ராவின் ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றினோம். மேலே கறுப்பாகப் பளபளவென்றுதான் இருந்தது. பிளேடால் நீளவாக்கில் கிழித்து விரித்தபோது உள்சுவர் முழுக்க மயிரிழை வெடிப்பு. விரலை வைத்துத் தேய்த்தால் மை மாதிரி ஒட்டியது. அந்தத் துகள் எங்கே போகும்? முதலில் ஃபில்டருக்கு, பிறகு இன்ஜெக்டர் முனைக்கு. ஓனர் வந்தது ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுவது) சரியில்லை என்று. இரண்டு பேரிடம் காட்டிவிட்டாராம், ஒருவர் இசியு போய்விட்டது என்றாராம். கிழித்த ஹோஸ் இன்னும் கவுன்ட்டரில்தான் இருக்கிறது, வரும்போது நீங்களே தடவிப் பாருங்கள்.

ஐடிலிங் கெடுவது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை தீ. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் லைனில் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் ஊசித்துளை விழுந்தால் பெட்ரோல் சொட்டாது, புகை மாதிரி பீச்சும். பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த டர்போ. மேற்கொண்டு எழுத வேண்டாம் என்று நினைக்கிறோம். ஒரு கிலோ பவுடர் எக்ஸ்டிங்விஷர் ஒன்றை டிக்கியில் போடாமல் சீட்டுக்கு அடியில், கை எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

உங்களில் பலரின் பயம் வேறு பக்கம் இருக்கிறது. இன்ஜின் என்ன ஆகும், லீனாக (பெட்ரோல் குறைந்து, காற்று கூடி) ஓடி பிஸ்டன் ஓட்டையாகிவிடுமா என்று. எங்கள் அபிப்பிராயம், அந்தப் பயம் கொஞ்சம் அதிகப்படி. கணக்கு இதுதான்: சுத்த பெட்ரோல் முழுசாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும், 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5. அதே அளவு பெட்ரோலைத் தெளித்தால் கலவை லீனாகும் என்பது உண்மை. ஆனால் சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து இசியு சரிசெய்துகொள்ளும். ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது சென்சாரைக் கேட்காது, தன் மேப்படி (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று பதிந்து வைத்த கணக்குப்படி) தெளிக்கும். ஆனால் அந்தக் காலத்து ஜப்பான் டர்போ வண்டிகளின் கம்பெனி மேப் அங்கே வேண்டுமென்றே பெட்ரோலைத் தாராளமாக விடும். போதாததற்கு ஆக்டேன் (பெட்ரோல் இன்ஜினில் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) கூடியிருக்கிறது. முன்பு இங்கே கிடைத்தது 91, இந்தக் கலவை 95. ஹை-ஆக்டேனுக்காகவே டியூன் செய்த வண்டிக்கு இது நல்லதுதானே? கம்பெனி மேப், கம்பெனி பூஸ்ட் என்றால் இன்ஜின் தாங்கும், ரப்பர் தாங்காது. பூஸ்ட்டைக் கூட்டி, வேறு நாட்டு பெட்ரோலுக்குப் போட்ட மேப்பை வாங்கி ஏற்றி வைத்திருப்பவர்கள் மட்டும், காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் போட்டுப் பார்க்காமல் மிதிக்க வேண்டாம்.

மைலேஜ் குறையும். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. சுப்ரா வைத்திருப்பவர் மைலேஜ் கணக்கு பார்ப்பதில்லை, விடுங்கள்.

பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், பெரிய செலவில்லை என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025-ல் சொன்னது. தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். உங்கள் வண்டி வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. ஆனால் ரப்பர் பெட்ரோலில் ஊறுவது பன்னிரண்டு மாதமும்தான். அதனால் எங்களிடம் ஓடோமீட்டரைக் காட்டி வாதாட வேண்டாம்.

மாடலுக்கு மாடல் நோவும் மாறும். 300இசட்எக்ஸ் வைத்திருப்பவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது இன்ஜெக்டருக்கு. ஆரம்ப வருடங்களின் இன்ஜெக்டரில் உள்ளே இருக்கும் காயிலை எத்தனால் அரித்துவிடும். 1990-களின் நடுவில் நிசானே வடிவத்தை மாற்றிவிட்டது. மல்டிமீட்டரில் 10 முதல் 14 ஓம் காட்ட வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சரியாகக் காட்டி, சூடானதும் எகிறும் கேஸும் உண்டு, அதனால் இரண்டு தடவை அளப்போம். ஆறு இன்ஜெக்டரையும் வெளியே எடுக்க மேலே உள்ள பிளீனத்தை (காற்று போகும் பெட்டியை) கழற்ற வேண்டும். அந்த இன்ஜின் பேயில் விரல் நுழைக்கவே இடம் கிடையாது, எங்கள் பையன்கள் அந்த வண்டி கேட்டுக்குள் நுழைந்தாலே டீ குடிக்கப் போய்விடுவார்கள். லேபர் கூட என்று சொல்பவர்கள் ஒரு நாள் வந்து பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஆர்எக்ஸ்-7-க்கு வேறு கதை. அதன் இரண்டு டர்போவும் ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும். அந்த மாற்றத்தை நடத்துவது இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் பின்னிக் கிடக்கும் மெல்லிய வேக்யூம் ஹோஸ்கள். இன்ஜின் சூட்டிலேயே வெந்து, காய்ந்த முருங்கைக்காய் போலத் தொட்டதும் ஒடியும். பூஸ்ட் மீட்டரைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: முதல் டர்போவில் 10 பிஎஸ்ஐ, 4,500 ஆர்பிஎம் அருகே இரண்டாவது சேரும்போது 8-க்கு இறங்கி, உடனே மறுபடி 10. இந்த 10-8-10 வரவில்லை என்றால் டர்போவைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ஹோஸைப் பாருங்கள். நாங்கள் மொத்தத்தையும் எடுத்துவிட்டு சிலிக்கோன் போடுகிறோம். ஆனால் ஒன்று, சிலிக்கோன் காற்றுக்கு மட்டும்தான். அதில் பெட்ரோலை விட்டால் வியர்த்து ஒழுகும். கலர் நன்றாக இருக்கிறது என்று நீலக் குழாயைப் பெட்ரோல் லைனில் போட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அப்புறம், இந்த வண்டியின் ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழல்வது) ஆயில் குடிப்பது கோளாறு இல்லை. ரோட்டரின் முனைகளில் உள்ள ஏபெக்ஸ் சீல் தேயாமல் இருக்க ஒரு பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே விடுகிறது. அந்த ஆயில் போகிற மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களும் வயதானால் ஒடியும், அதையும் பார்ப்போம்.

சுப்ராவின் 2ஜேஇசட் இன்ஜினைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரும்பு பிளாக், எதையும் தாங்கும். அந்த நம்பிக்கையில்தான் மற்றதை யாரும் பார்ப்பதில்லை.

எந்த ஹோஸ் போடுகிறோம் என்று சிலர் கேட்டீர்கள். குழாயின் மேலேயே அச்சடித்திருக்கும், படித்துப் பாருங்கள். பெட்ரோல் ஹோஸ்களுக்கான தர அளவான எஸ்ஏஇ ஜே30-ல் ஆர்6, ஆர்7 என்றிருந்தால் குறைந்த அழுத்தத்துக்கு, கார்ப்பரேட்டர் வண்டிக்கு. இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ஆர்9 வேண்டும். அதன் உள்சுவர் ஃப்ளூரோ ரப்பர், எத்தனாலுக்கு அசையாது. டேங்குக்கு உள்ளே பம்ப்போடு முழுகிக் கிடக்கும் துண்டுக்கு மட்டும் ஆர்10. ஆர்9-ஐ உள்ளே போட்டால் வெளிச்சுவர் கரைந்துவிடும், ஏனென்றால் அதன் வெளிப்பக்கம் பெட்ரோலில் ஊறுவதற்காகச் செய்ததில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் உள்ள ஜேசி ரோட்டில் எழுத்தே இல்லாத கறுப்புக் குழாய் மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி வந்து மாட்டித் தரச் சொன்னால் மாட்ட மாட்டோம். கிளாம்ப்பும் அப்படியே. பற்கள் வெட்டியிருக்கும் சாதாரண கிளாம்ப் இறுக்க இறுக்க ரப்பரைத் தின்னும். ஓரம் மடித்த இன்ஜெக்‌ஷன் கிளாம்ப்தான் போடுகிறோம், விலை கூடத்தான்.

வளைவு வைத்து வார்த்த ஹோஸ்களுக்கு நேர்க்குழாயை வளைத்துப் போட முடியாது, மடங்கிவிடும். அவற்றைக் கம்பெனியிடமிருந்தே வரவழைக்கிறோம். ஆர்32 ஜிடி-ஆருக்கு நிசானின் ரேஸ் பிரிவான நிஸ்மோ 2017 முதலும், பழைய சுப்ராக்களுக்கு டொயோட்டா ஜிஆர் ஹெரிடேஜ் பெயரிலும் நின்றுபோன பாகங்களை மறுபடி செய்து விற்கிறார்கள். ஆர்எக்ஸ்-7-க்கு மஸ்டாவும் செய்கிறது. தேவைப்படுவது எல்லாமே அதில் கிடைக்காது. கிடைப்பதும் கப்பல் கூலி, கஸ்டம்ஸ் எல்லாம் சேர்ந்துதான் வரும். தனித்தனியாக வரவழைப்பதைவிட நாலைந்து பேர் சேர்ந்தால் கூலி பங்காகும். சேர்ந்து வண்டி ஓட்டப் போகும் உங்கள் ஞாயிற்றுக்கிழமை கோஷ்டியிலேயே பேசி ஒரே பட்டியலாகக் கொடுங்கள்.

எத்தனால் கலக்காதது என்று சொல்லப்படும் 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் போதாதா என்று ஒரு கேள்வி. எத்தனால் இல்லாததுதானா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். 100 மில்லி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 100 கோடு வரை பெட்ரோல். மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அடியில் தண்ணீர் 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 20 சதவீதக் கலவையில் அது 25-ஐத் தாண்டி ஏறி நிற்கும், எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிடுவதால். பால்கனியில் செய்யுங்கள், அடுப்பங்கரையில் வேண்டாம். அந்த பெட்ரோலையே தொடர்ந்து போட வசதி இருந்தால் நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே வெடித்த ரப்பர் அதனால் மறுபடி ஒட்டிக்கொள்ளாது. வழியில் எங்காவது சாதாரணப் பங்க்கில் போட வேண்டியும் வரும். பாட்டிலில் விற்கும் எத்தனால் மருந்துகளுக்கும் இதே பதில். சிலவற்றில் துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் உண்டு, டேங்குக்கு அது உதவலாம். ரப்பரைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது.

மழைக்காலத்தில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடம் இருந்தால் ஈரக்காற்று சேரும், எத்தனால் அந்த ஈரத்தை இழுக்கும், டேங்க் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் நிறுத்தி வைப்பதால் பேட்டரிக்கும் பயனில்லை, ஆயிலுக்கும் கெடுதல். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

கிருஷ்ணகிரி வரை போய் இட்லி சாப்பிட்டுத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை கோஷ்டிக்கு ஒரு வேண்டுகோள். முன்னால் போகிற வண்டியிலிருந்து பெட்ரோல் வாசம் வந்தால், பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். போன் போட்டு ஓரம் கட்டச் சொல்லுங்கள். இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் கிளம்பலாம். ஒழுகுவது தெரிந்தால் ஓட்டி வர வேண்டாம், ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றிக் கொண்டு வாருங்கள்.

செவ்வாய் முதல் சனி வரை, காலை பத்து மணிக்குள் வண்டியை விட்டால் அன்றைக்கே லைனைப் பார்த்து, கழற்றியதை மேஜைமேல் பரப்பி, எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்துவிடுவோம். உங்களிடம் கேட்காமல் எதையும் மாற்ற மாட்டோம். மாற்றிய ஹோஸ்களைப் பையில் போட்டுத் திருப்பித் தருவோம். டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் இல்லாமல் கொண்டு வாருங்கள், இறக்கி ஏற்றும் வேலை மிச்சம்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப் சார்பில்,
பெங்களூர்