வன்னிக் கமக்காரர் அமைப்புகளுக்கு: போகக் கூட்டத்தில் பழைய பிக்கப்புகளைப் பற்றியும் பேசுங்கள்

மதிப்புக்குரிய தலைவர்கள், செயலாளர்கள், உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு போகத்துக்கும் முன் கூட்டம் வைக்கிறீர்கள். வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்கு முன் மாடுகளை வயற்பக்கத்திலிருந்து அப்புறப்படுத்துவது என்று தீர்மானித்து எழுதுகிறீர்கள். அந்த நிகழ்ச்சி நிரலின் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்: உறுப்பினர்களின் பழைய பிக்கப்புகளைக் களவு போகாமல் காப்பது. நான் கிளிநொச்சிப் பக்கம் கராஜில் வாகன வயரிங் வேலை செய்பவன். அந்தக் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். படிப்படியாக மறுபடி திறந்தது 2025இல். இடையில் பழைய ஹைலக்ஸ், எல்-200 பிக்கப்புகள் என்ன விலைக்குப் போயின என்று உங்களுக்கே தெரியும். முழு வண்டியாக விற்க முடியாவிட்டாலும் எஞ்சின், கியர்பெட்டி, கதவு, பின்பலகை என்று கழற்றி விற்றாலே கள்ளனுக்குக் கை நிறையக் காசு.

எடுப்பதும் லேசு. புது வாகனத்தின் திறப்புக்குள் ஒரு சிப் இருக்கும், அதை வண்டி அடையாளம் காணாவிட்டால் எஞ்சின் இயங்காது. எண்பதுகளில், தொண்ணூறுகளில் வந்த எங்கள் பிக்கப்புகளில் அப்படி ஒன்றும் கிடையாது. இருக்கிற பூட்டும் தேய்ந்து போயிருக்கும். கராஜுக்கு வரும் சில வண்டிகளில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறப்பை உருவி எடுத்து முதுகு சொறியலாம்.

அதனால் பூட்டை நம்பாமல் டீசலை மறிப்பதுதான் கெட்டித்தனம். பழைய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் டீசல் பம்பின் மேல் கட்டைவிரல் அளவில் ஒரு சொலனொயிட் நிற்கும். அதற்கு 12 வோல்ற் வந்தால் டீசல் வழி திறக்கும், நின்றால் அடைபடும். அதற்குப் போவது ஒரேயொரு வயர். அந்த வயருக்கு நடுவே ஒரு சின்ன சுவிச்சைப் போட்டு மறைத்து வைத்தால், நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்ராட் பண்ணினாலும் எஞ்சின் பிடிக்காது. சுவிச்சுக்கும் வயருக்கும் கூலிக்கும் சேர்த்து ஒரு ரயரின் விலைகூட வராது. எங்கே மறைப்பது என்று இங்கே எழுதமாட்டேன். ஒவ்வொரு வண்டியிலும் வேறு வேறு இடமாக இருக்கட்டும், மச்சானுக்கும் சொல்லவேண்டாம். ஒன்று மட்டும்: வயரை முறுக்கி ரேப் சுற்றிவிட்டுப் போகிறவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். எங்கள் வெயிலுக்கு ரேப்பின் பசை இளகும், கிரவல் ரோட்டின் குலுக்கலுக்கு முறுக்கு கழலும், பிறகு நெல் மூட்டையோடு காட்டு வழியில் வண்டி நின்றுவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டுக்குச் சுருங்கும் குழாய் போட்டு மூடவேண்டும்.

கேபிளை இழுத்து எஞ்சினை நிறுத்துகிற இன்னும் பழைய வண்டிகளில் இந்தச் சொலனொயிட் இருக்காது. அவற்றுக்கு டீசல் குழாயில் ஒரு வால்வு போடலாம். குழாயில் மிச்சமிருக்கும் டீசலில் கள்ளன் கொஞ்சத் தூரம் போவான், அப்புறம் நடுரோட்டில் நிற்பான். சொந்தக்காரர் வால்வைத் திறக்க மறந்து ஓட்டினாலும் இதே கதைதான். காற்றுப் பிடித்துவிடும், பம்படித்துக் காற்றெடுக்கவேண்டும். தொல்லைதான், ஆனால் வண்டி மிஞ்சும்.

அலாரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். மாடு வந்து உரசினாலும் கத்தும், நாலாம் நாள் ஒருவரும் எழும்பி வரமாட்டார்கள். வளவில் ஒரு நாய் நின்றால் இதைவிட நல்லது. ஜிபிஎஸ் பரவாயில்லை. ஆனால் உட்பக்கத்து ஊர்களில் சிக்னல் இல்லாத இடங்களில் அதற்கும் வாய் அடைத்துவிடும். அறுவடை முடிந்து வாரக்கணக்காக நிற்கும் வண்டியில் அது பற்றரியையும் மெல்ல மெல்லக் குடித்துவிடும்.

இவ்வளவும் ஆளாளுக்குச் செய்துகொள்ளக்கூடியவை. உங்களிடம் ஏன் வருகிறேன் என்றால், பத்திர விடயத்துக்காக.

எங்கள் பக்கத்துப் பழைய பிக்கப்புகளில் எத்தனையோ ஓபன் பேப்பரில், அதாவது வாங்கியவர் பெயருக்கு மாற்றாமல் பழைய சொந்தக்காரரின் பெயரிலேயே, ஓடுகின்றன. போரில் ஆவணங்களைத் தொலைத்தவர்கள், கைமாறிக் கைமாறி வாங்கியவர்கள் என்று அதற்குக் காரணங்கள் உண்டு, குறை சொல்லவில்லை. வருடாவருடம் வாகன வருமான அனுமதிப்பத்திரம் பழைய பெயரிலேயே எடுக்க முடிவதால் ஒருவரும் அவசரப்படுவதில்லை. வண்டி களவு போனால்தான் வினை. பொலிசில் முறைப்பாடு எழுதும்போது வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருப்பது குருநாகலில் உள்ள யாரோ ஒருவரின் பெயர். இதைவிட மோசம், அவர் கையெழுத்திட்டுத் தந்த வெற்று உரிமை மாற்றப் படிவம் அநேகமாக டாஷ்போர்ட் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். கள்ளனுக்குக் காணியையும் கொடுத்து உறுதியையும் எழுதிக் கொடுத்த மாதிரி. காப்புறுதியும் பெரும்பாலும் மூன்றாம் தரப்புத்தான். அது களவுக்கு ஒரு சதமும் தராது.

ஆகவே போகக் கூட்டத்துக்கு முன் ஒரு நாளை ஒதுக்குங்கள். உறுப்பினர்கள் வண்டிகளோடு வரட்டும். மாவட்டச் செயலகத்திலுள்ள மோட்டார் போக்குவரத்து அலுவலர்களை அழைத்துப் பாருங்கள், உரிமை மாற்றத்துக்கு எந்தெந்தப் படிவம் வேண்டும் என்று அவர்களே நேரில் சொல்லட்டும். முன் சில்லுக்குப் பக்கத்தில் சேசியில் அடித்திருக்கும் இலக்கத்தைத் துரு சுரண்டித் துடைத்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எஞ்சின் இலக்கம், நான்கு பக்கப் படம், நசுங்கின இடம், வெல்டிங் போட்ட இடம் எல்லாம் ஒரு கோப்பில் சேரட்டும். எங்கள் ஊர்களில் மாட்டுக்குக் குறி சுடுகிறோம். பிக்கப்புக்கும் அதேபோல் கண்ணாடியிலும் பின்பலகையின் உட்புறத்திலும் இலக்கத்தைப் பொறித்துவிடலாம்.

இந்தக் கோப்பு செயலாளரின் தொலைபேசியிலும் இருக்கவேண்டும். இரவில் வண்டி போனால் நேரம்தான் முக்கியம். புதுக்குடியிருப்பில் எடுத்த வண்டி ஏ35 வீதியால் பரந்தனுக்கு ஏறலாம், ஒட்டுசுட்டான் போய் ஏ34ஆல் மாங்குளத்துக்கும் ஏறலாம். ஏ9இல் ஏறிவிட்டால் வடக்கே ஆனையிறவு, தெற்கே ஓமந்தை. பூநகரிப் பக்கமென்றால் சங்குப்பிட்டிப் பாலம். விடிந்தபின் படம் தேடிக்கொண்டிருந்தால் வண்டி மதவாச்சியைத் தாண்டியிருக்கும். பொலிசின் 119க்குச் சொன்ன கையோடு மற்ற அமைப்புகளின் செயலாளர்களுக்கும் படத்தோடு செய்தி போகவேண்டும்.

இன்னுமொன்று. அறுவடைக் காலத்தில் வயற்கரையில் வண்டிகள் தனித்தனியாக நிற்கின்றன. யானைக்குக் காவலிருக்கும் கொட்டிலுக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தினால் என்ன? அங்கே எப்படியும் ஆட்கள் விழித்திருக்கிறார்கள், வெளிச்சமும் இருக்கிறது. வற்றாப்பளைப் பொங்கல் இரவில் ஊரே கோயிலுக்குப் போய்விடும். அன்றைக்கு வீட்டில் நிற்கும் வண்டிகளுக்கு மட்டும் சம்பளத்துக்கு இரண்டு பேரை வைக்கலாம். ஏக்கருக்கு இவ்வளவு என்று எடுக்கும் பணத்தில் இது பெரிய செலவாகாது.

கூட்டத் திகதி முடிவானதும் சொல்லி அனுப்புங்கள். பற்றவைக்கும் கோலோடு வருகிறேன். உறுப்பினர்களிடம் சுவிச்சுக்கும் வயருக்கும் மட்டும் காசு வாங்குவேன், வேலைக்கு வாங்கமாட்டேன். மத்தியானச் சாப்பாடு உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு வயரிங்காரன்