நாடா வைத்த ஜாக்கெட்டுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியாயிற்று. நெஞ்சில் மறுபடி வந்த மார்பகப் புற்றுக்கட்டி கரைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்ட பாடு உங்களுக்கே தெரியும். நன்றியை முதலில் பாளையங்கோட்டை தெற்கு பஜார் டெய்லர் அக்காவுக்குத்தான் சொல்ல வேண்டும்.

அக்கா, சென்னைக்குக் கிளம்பும் முன் தொளதொளவென்று ஜாக்கெட் வேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன். "எந்தப் பக்கம் தாயி? கொக்கி இருக்கலாமா?" என்று கேட்டது நீங்கள்தான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், கட்டி இருக்கும் இடத்தை மைக்ரோவேவ் அலையால் சூடாக்குவார்கள், அங்கே உலோகம் ஆகாது என்றார்கள். துவைத்துத் துவைத்துப் பூப்போலாகிவிட்ட வேட்டித் துணியில் தைத்துத் தந்தீர்கள். கொக்கிக்குப் பதில் நாடா. இடது பக்கம் மட்டும் திறப்பு, அந்த அக்குளில் தையலே கிடையாது. காசை நீட்டினால், "போயிட்டு வா, துட்டு எங்க போயிரப் போவுது?" என்றீர்கள்.

ஏற்கெனவே கதிர்வீச்சு வாங்கிய உடம்புக்கு மறுபடி முழு அளவு கொடுக்க முடியாதாம். அதனால்தான் அந்த இடத்தை 41 முதல் 43 டிகிரி வரை ஒரு மணி நேரம் போல சூடாக்குகிறார்கள். சூடுபட்ட புற்றுநோய்ச் செல், கதிர்வீச்சு செய்த பழுதைச் சரிசெய்ய முடியாமல் திணறும், குறைந்த கதிர்வீச்சே போதும். 1996-ல் மார்பகப் புற்று பற்றிய ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கதிர்வீச்சு மட்டும் தந்தவர்களில் 41 சதவீதம் பேருக்கும், சூடும் சேர்த்துத் தந்தவர்களில் 59 சதவீதம் பேருக்கும் கட்டி முழுதாக மறைந்ததாம். டாக்டர் அதைச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெம்பே வந்தது.

நெஞ்சில் தண்ணீர்ப் பையும் மெல்லிய வெப்பமானி வயர்களுமாகப் படுத்திருப்பேன். தழும்பு மரத்துக் கிடப்பதால் சுட்டாலும் தெரியாதே என்று யாராவது வந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அத்தனை பேருக்கு நடுவிலும் மற்றப் பக்கம் மூடியே இருந்தது அக்கா. கூசிக் குறுகாமல் படுத்திருந்தேன். பிறகு கதிர்வீச்சில் கருத்துப்போன தோலிலும் அந்தத் துணி உரசவே இல்லை.

"சுடுதாக்கா?" என்று நிமிடத்துக்கொரு தரம் கேட்ட டெக்னீஷியன் தங்கச்சி, டாக்டர்கள், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட சித்தி, எதிர்வீட்டு மதினி, கேட்காமலே பணம் தந்தவர்கள் எல்லோருக்கும் கோடி நன்றி.

இனி இதே ஜாக்கெட்டை, சிகிச்சைக்குப் போகிற பெண்களுக்குக் கொடுக்கப் போகிறேன். துணி என்னுடையது, தையல் உங்களுடையது, கூலியை வாங்கியே ஆக வேண்டும். மறுபடி வந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது என்று யாராவது வீட்டில் முடங்கிக் கிடந்தால் சொல்லி அனுப்புங்கள். இந்தச் சூட்டு சிகிச்சை எல்லோருக்கும் ஒத்துவராது. ஆனாலும் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம், நானும் கூட வருகிறேன்.